அப்பாவின் பேவர்லூபா: கையில் கட்டுவதா, டின்னிலேயே வைப்பதா?

ஈசூன்வாசி
ஞாயிறு, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் சின்னதுதான், ஆனால் மூன்று நாளாக மனசு அதிலேயே நிற்கிறது.

போன வருடம் அப்பா தவறிவிட்டார். சென்ற மாதம் அம்மாவின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே பறவை படம் போட்ட பழைய சிங்கப்பூர் ஒரு வெள்ளி (டாலர்) நோட்டுகள் நான்கு, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு கொத்துச் சாவி, கைக்குட்டையில் சுற்றிய ஒரு கைக்கடிகாரம். ஃபேவர் லூபா சீ சீஃப். நம் ஆட்கள் வாயில் அது எப்போதும் பேவர்லூபாதான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது என்று அம்மா சொல்கிறார்.

சும்மா சாவி கொடுத்துப் பார்த்தேன். பத்துச் சுற்றுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது! சின்ன வயதில் அப்பா என் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூங்க வைப்பார். அப்போது காதுக்குள் கேட்ட அதே சத்தம்.

இரண்டு நாள் அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போனேன். பெருவிரைவு ரயிலில் கம்பியைப் பிடிக்கக்கூட இடது கையை நீட்டவில்லை. கதவு நிலையைத் தாண்டும்போதெல்லாம் கை தானாக வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் காலை நான்கு நிமிடம் பின்னால் இருந்தது. நேரம் வைக்கலாம் என்று ஓரத்தில் இருக்கும் சாவித் திருகை இழுத்தேன். தண்டோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது! எனக்கு உயிரே போய்விட்டது. வாட்ச் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்ய முடியுமா? சரிசெய்தாலும் கட்டலாமா? மனைவி வங்கி லாக்கரில் வைக்கச் சொல்கிறார்.

சாவிக்காரர்
ஞாயிறு, இரவு 10:47

தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். தலைபோகிற விஷயமில்லை. உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பல பழைய இயந்திரங்களில் அதன் ஸ்க்ரூ நாளாக நாளாகத் தளரும். நன்றாகத் தளர்ந்துவிட்டால், இழுத்த வேகத்தில் தண்டு கையோடு வந்துவிடும். உடைந்ததாக அர்த்தமில்லை.

ஆனால் நீங்களே திரும்ப உள்ளே குத்தாதீர்கள். உள்ளிருக்கும் சின்னப் பற்சக்கரம் இடம் மாறினால் ஐந்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். அந்த ஓட்டையின்மேல் சின்னதாக டேப் ஒட்டுங்கள். நம் ஊர்க் காற்று உள்ளே போகக் கூடாது.

அப்புறம், ஓடுகிறதே என்று ஓட்டாதீர்கள். கடைசியாக எப்போது எண்ணெய் போட்டார்கள் என்று தெரியுமா? பழைய எண்ணெய் காய்ந்து தூசியோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். அது தேய்வது வெளியே தெரியாது. தெரிய வரும்போது பாகத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

துவாஸ்_துரை
ஞாயிறு, இரவு 11:20

அண்ணே, உங்கள் வலி எனக்குப் புரியும். நான் 2009-இல் ஊரிலிருந்து வேலைக்குக் கிளம்பியபோது அப்பா அவர் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது எச்.எம்.டி. ஜனதா. கப்பல் பட்டறை வேலை. ஒரே ஒரு நாள் வேலை இடத்துக்குக் கட்டிக்கொண்டு போனேன். சுத்தியல் அடி எதுவும் படவில்லை, தண்ணீர் படவில்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தால் இருபது நிமிடம் முன்னால் ஓடுகிறது!

கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். அன்றிரவு விடுதியில் சாப்பிடவில்லை. பிறகுதான் ஒருவர் சொன்னார், வெல்டிங் கேபிளுக்குப் பக்கத்தில் கையை வைத்திருந்திருப்பாய், காந்தம் ஏறிவிட்டது என்று. காந்தம் நீக்கும் சின்னக் கருவியில் இரண்டு தடவை காட்டினார். சரியாகிவிட்டது. பத்து வெள்ளிகூட வாங்கவில்லை.

அன்றிலிருந்து அது விடுதி லாக்கரில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்கு வரும்போது மட்டும் கட்டுவேன். ஆனால் சாவி தினமும் கொடுப்பேன், இரவு படுக்கும்முன். பக்கத்துக் கட்டில்காரன் சிரிப்பான்.

பொறிஞன்
திங்கள், காலை 8:05

துரை சொன்னது நடக்கக்கூடியதுதான். அங்குமிங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய வில்லின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து சுருங்க வேண்டும். காந்தம் ஏறினால் சில சுருள்கள் ஒட்டிக்கொள்ளும், சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகும், வாட்ச் வேகமாக ஓடும். இதற்கு வெல்டிங் கேபிள்தான் வேண்டும் என்றில்லை. ஐபேடு உறை, கைப்பையின் காந்தப் பூட்டு, ஒலிபெருக்கி எல்லாம் போதும். இரவில் கைப்பேசிமேல் வாட்சை வைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் கவனிக்கவும்.

எல்லாரும் கண்ணாடி கீறுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பழைய பிளாஸ்டிக் கண்ணாடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம், போனால் வேறு போடலாம். கவலைப்பட வேண்டியது பேலன்ஸ் அச்சின் நுனியைப் பற்றி. கிட்டத்தட்ட ஒரு தலைமுடி பருமன்தான் இருக்கும். அதன்மேல்தான் அந்தச் சக்கரம் ஆடுகிறது. பழைய வாட்சுகள் பலவற்றில் மணிக்கு 18,000 அசைவு, அதாவது நொடிக்கு ஐந்து, ஒரு நாளைக்கு 4,32,000. 1930களில் இன்காப்ளாக் மாதிரி அதிர்ச்சி தாங்கும் அமைப்புகள் வந்தன. அச்சின் நுனி உட்காரும் கல்லைச் சின்ன ஸ்பிரிங்கில் உட்கார வைத்து, விழுந்தால் நுனி உடையாமல் கல் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும்படி செய்தார்கள். அது இல்லாத வாட்ச் என்றால் இடுப்பு உயரத்திலிருந்து குளியலறைத் தரையில் விழுந்தாலே முடிந்தது கதை.

தேக்கா_மீனா
திங்கள், மதியம் 1:31

ஆண்களுக்கு இவ்வளவு கவலை என்றால், எங்களுடையதைக் கேளுங்கள். அம்மாவின் சின்னச் சாவி வாட்ச் என்னிடம் இருக்கிறது. பத்துக் காசு அளவுதான். இயந்திரம் சின்னதானால் நுனிகளும் இன்னும் மெலிசு. மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் "இதெல்லாம் செய்வதில்லை" என்றார். இன்னொருவர் பார்க்காமலே "புதுசு வாங்கும்மா" என்றார். பெரிய வாட்ச் கொண்டுவரும் ஆண்களிடம் அப்படிச் சொல்வார்களா தெரியவில்லை.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். அம்மா ஞாபகமாக இருக்கட்டும் என்று வாட்சைக் கட்டிக்கொண்டேன். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் பால் தளும்பித் தளும்பிக் கையோடு வழிந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் நின்றது. கடையில் மூடியைத் திறந்தவர் மூக்கைச் சுளித்தார். சாமி சத்தியமாகத் தயிர் வாசனை!

சாவிக்காரர்
திங்கள், மதியம் 2:10

மீனா, முப்பது வருடமாக இந்தப் பைத்தியத்தில் இருக்கிறேன், தயிர் உறைந்த வாட்சைக் கேள்விப்பட்டதே இல்லை. பிழைத்ததா?

தேக்கா_மீனா
திங்கள், மதியம் 2:14

பிழைத்தது. டயலில் ஒரு மூலையில் மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. அது பால் கறை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

ஈசூன்வாசி
திங்கள், இரவு 9:02

எல்லாருக்கும் நன்றி, அலுவலகத்தில் படித்துச் சிரித்து மாட்டிக்கொண்டேன். இன்னொரு சந்தேகம். தண்டு கழலுவதற்கு முதல் நாள், ரயிலிலிருந்து இறங்கி வெளியே வந்ததும் கண்ணாடிக்கு உள்பக்கம் லேசாகப் பனி பிடித்த மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் போய்விட்டது. அது பிரச்சினையா? டயலில் நாலுக்குப் பக்கத்தில் தேநீர் நிறப் புள்ளிகளும் இருக்கின்றன. டயலைப் புதுசாக வண்ணம் அடிக்கலாமா?

பொறிஞன்
திங்கள், இரவு 9:40

பிரச்சினைதான். மங்கிய கண்ணாடி என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். "சீ" என்று பெயரில் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ஐம்பது வருடத்தில் ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், நல்ல வெயில் அடிக்கும் மத்தியானத்தில்தான் 60 அளவுக்கு இறங்கும். குளிர்சாதனம், வெளியே, மறுபடி குளிர்சாதனம் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாறுகிறோம். சுவிட்சர்லாந்து மலையில் பிறந்த பொருளுக்கு இது தண்டனை.

கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் உலர்பெட்டி சின்னதாக ஒன்று போதும், 45 விழுக்காட்டில் வையுங்கள். தோல் பட்டையைக் கழற்றித் தனியே வையுங்கள். வியர்வை ஊறிய பட்டைதான் பின்மூடியை அரிக்கிறது, பூஞ்சையும் அங்கேதான் பிடிக்கும். தயவுசெய்து அரிசியில் புதைக்காதீர்கள். அரிசி மாவு உள்ளே போவதுதான் மிச்சம்.

பழையபெட்டி
திங்கள், இரவு 10:03

டயலைத் தொடாதீர்கள்!!! புள்ளியும் கறையும்தான் அதன் முகம். வண்ணம் அடித்தால் பாதி மதிப்பு போய்விடும். இணையத்தில் பளபளவென்று ஆரஞ்சு, ஊதா நிறத்தில் எச்.எம்.டி.யும் பேவர்லூபாவும் விற்கிறார்களே, எல்லாம் பம்பாய் டயல், அதாவது மறுபடி வண்ணம் அடித்தது. எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், கோணல்மாணலாக இருக்கும். பின்மூடியையும் பாலிஷ் போடச் சொல்லாதீர்கள். விளிம்பு மழுங்கினால் திரும்ப வராது.

துவாஸ்_துரை
திங்கள், இரவு 10:31

பழையபெட்டி அண்ணே, கோபப்படாமல் கேளுங்கள். என் ஜனதாவின் டயல் மதுரையில் ஒரு கடையில் மாற்றியது. அப்பாவே மாற்றினார், 90களில். பழைய டயலில் எண் தெரியவில்லை, அவருக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. அவர் மணி பார்க்கத்தான் வாட்ச் வைத்திருந்தார். அந்தப் பொய் டயலைத்தான் நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஒரிஜினலைக் கொண்டுவந்து கொடுத்தால் யாருடைய வாட்சோ என்று இருக்கும்.

பழையபெட்டி
திங்கள், இரவு 10:58

அது வேறு, துரை. விற்பவன் ஏமாற்ற அடித்த வண்ணமும் உங்கள் அப்பா கண்ணுக்காக அடித்த வண்ணமும் ஒன்றா? உங்களுடையதைத் தொட வேண்டாம். ஈசூன்வாசியும் தொட வேண்டாம். இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான் என்று இப்போதுதான் உறைக்கிறது.

நெட்டைமுள்
செவ்வாய், காலை 7:15

பழைய வாட்சில் இரவில் ஒளிரும் பூச்சு ரேடியம், புற்றுநோய் வரும் என்று ஒரு காணொளி பார்த்தேனே? வீட்டில் குழந்தை இருந்தால் வைத்துக்கொள்ளலாமா? (நான் ஸ்மார்ட்வாட்ச் கட்டுகிறவன். மேலே சொன்ன எந்தத் தொல்லையும் இல்லை என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.)

சாவிக்காரர்
செவ்வாய், காலை 9:20

நல்ல கேள்வி, நெட்டைமுள். உங்கள் ஸ்மார்ட்வாட்ச் ஐம்பது வருடம் கழித்து ஒரு டின்னிலிருந்து எடுத்ததும் ஓடினால் எனக்கும் சொல்லுங்கள்.

1960கள் வரை ரேடியம் பூசினார்கள். பிறகு டிரிட்டியத்துக்கு மாறினார்கள். டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, சுவிஸ் என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் டி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது டிரிட்டியம். அதன் அரை ஆயுள் சுமார் 12.3 வருடம். ஐம்பது வருடம் போன வாட்சில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். அது கண்ணாடியைத் தாண்டி உங்களை ஒன்றும் செய்யாது.

ரேடியம் அப்படியல்ல. அரை ஆயுள் 1,600 வருடம். பூச்சு ஒளிராமல் போயிருக்கும், ஏனென்றால் அதோடு கலந்த துத்தநாக சல்பைடு தேய்ந்துவிட்டது. கதிர்வீச்சு அப்படியே இருக்கும். மூடியிருக்கும்வரை பெரிய பயம் வேண்டாம். ஆனால் அப்படி வாட்ச் இருந்தால் படுக்கை அறையில் தலைமாட்டில் வைக்காதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். முக்கியமாக, நீங்களே திறந்து பூச்சைச் சுரண்டாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து.

ஈசூன்வாசி
செவ்வாய், மதியம் 12:40

பார்த்தேன், இரண்டு பக்கமும் டி இருக்கிறது. மனைவிக்கும் காட்டிவிட்டேன். லாக்கர் பேச்சு கொஞ்சம் தணிந்திருக்கிறது.

ஈசூன்வாசி
சனி, மாலை 5:25

வாட்ச் நிலவரம். முதலில் போன கடையில் 380 வெள்ளி கேட்டார்கள். எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. வெளியே வந்துவிட்டேன். அப்புறம் அம்மாதான் சொன்னார், அப்பா எப்போதும் போவது ஒரு சீனர் கடைக்கு, தோ பாயோவில் ஒரு புளோக்கின் அடியில், முடிதிருத்தும் கடைக்குப் பக்கத்தில் என்று. இன்னுமா இருக்கும் என்று நினைத்தேன். இருக்கிறது! தாத்தா போய்விட்டார், மகன் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கே அறுபதுக்கு மேல். கண்ணில் லூப் என்ற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். வாட்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கப்பா எங்கப்பாவோட மலாய்லதான் பேசுவார், ரெண்டு பேருக்கும் வேற பாஷை பொதுவா கிடையாது" என்றார் ஆங்கிலத்தில்.

120 வெள்ளி, மூன்று வாரம். பிரித்துக் கழுவி, எண்ணெய் போட்டு, சாவி கொடுத்தால் இறுகும் மெயின்ஸ்பிரிங்கை மாற்றி, ரப்பர் வளையம் போட்டுத் தருவார். பழைய மெயின்ஸ்பிரிங் நீல எஃகு, எந்த நேரமும் ஒடியும் என்றார்.

நான் எழுத வந்தது இதுவல்ல. மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார். பழுது பார்ப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் ஊசியால் தேதியைக் கீறி வைப்பார்களாம். எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னச் சின்ன எழுத்து. பெரும்பாலும் அவருடைய அப்பாவின் கை. படம் எடுத்தேன், படிக்க முடிந்தவரை எழுதுகிறேன்: 76, 79, 4-1-82, 86, 91, 97. அதோடு நின்றுவிட்டது.

97 எனக்குத் தெரியும். எனக்கு வேலை கிடைத்த வருடம். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு குவார்ட்ஸ் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன், சாவி கொடுக்க வேண்டாம், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று பெருமையாகச் சொல்லி. கடைசிவரை அதைத்தான் கட்டியிருந்தார். பேவர்லூபாவை எண்ணெய் போட்டுத்தான் டின்னில் வைத்திருக்கிறார்.

பழையபெட்டி
சனி, மாலை 6:02

அந்த மூடியை மட்டும் யாரும் பாலிஷ் போட விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பொறிஞன்
சனி, இரவு 8:17

ஒரு விஷயம் கவனித்தீர்களா? மற்றதெல்லாம் வருடம் மட்டும். 82-க்கு மட்டும் நாளும் மாதமும் இருக்கிறது. 4 ஜனவரி 1982, திங்கட்கிழமை. புத்தாண்டு கழிந்து கடை திறந்த முதல் வேலை நாளாக இருக்கலாம். அதற்கு நான்கு நாள் முன்னால் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1981 டிசம்பர் 31 இரவு 11:30-க்கு சிங்கப்பூர் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி 12 ஆக்கினார்கள். மலேசியத் தீபகற்பமும் அன்றுதான் மாற்றியது. அதுவரை நாம் கிரீனிச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தோம், அதன்பிறகு எட்டு. அம்மாவிடம் கேட்டுப் பாருங்களேன்.

தேக்கா_மீனா
சனி, இரவு 8:30

ஐயோ ஆமாம்! எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரத்தை மாற்ற நாற்காலி போட்டு ஏறியது ஞாபகம் இருக்கிறது. புத்தாண்டு அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது என்று குதித்தோம்.

ஈசூன்வாசி
ஞாயிறு, காலை 10:50

கேட்டேன். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) எட்டிப் பார்த்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் அப்பாவின் துறைமுக நண்பர்கள் நாலைந்து பேர் இருந்திருக்கிறார்கள். பதினொன்றரை ஆனதும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாட்சை மாற்ற வேண்டும் என்று ஏற்பாடு. அப்பாதான் "ஒன்று, இரண்டு, மூன்று" எண்ணினாராம். மூன்று என்றதும் இழுத்தார். திருகு தண்டோடு கையில் வந்துவிட்டது. எல்லாரும் 12-க்கு வைத்துக் கைகொடுத்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் பதினொன்றரையிலேயே நின்று, மேசைக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாராம், ஏதாவது ஸ்க்ரூ விழுந்ததா என்று. வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது, பழைய நேரத்தில். திங்கட்கிழமைவரை அரை மணியைக் கூட்டிக் கூட்டித்தான் மணி பார்த்தார் என்கிறார் அம்மா.

சாவிக்காரர்
ஞாயிறு, காலை 11:04

அதே ஸ்க்ரூ!

துவாஸ்_துரை
ஞாயிறு, மதியம் 12:15

தேக்காவில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன், தனியாகச் சிரிக்கிறேன். அண்ணே, அந்த தோ பாயோ கடை ஞாயிறு உண்டா? ஜனதாவுக்கும் எண்ணெய் போட்டு ஏழு வருடம் ஆகிறது.

ஈசூன்வாசி
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:30

துரை, ஞாயிறு ஒரு மணிவரை உண்டு, நேரில் வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன்.

வாட்ச் வந்துவிட்டது. நாளைக்கு எட்டு, பத்து நொடி முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். 97-க்குக் கீழே கடைக்காரர் புதுசாகக் கீறியிருக்கிறார். கடைத் தாத்தாவின் எழுத்தைவிட மகனின் எழுத்து பெரிசு, அவருக்கும் கண் மங்குகிறது போல. மழை இருட்டிக்கொண்டு வந்தால் கட்டுவதில்லை, மற்ற நாளில் கட்டுகிறேன். காலையில் சாவி கொடுக்கும்போது அம்மா அடுப்படியிலிருந்து "மெதுவாடா" என்கிறார், ஒவ்வொரு நாளும்.